இரண்டு ஏணிகள்

விளையாட்டு வீரர்களைக் கண்டு நாம் வியக்கிறோம், அவர்களுக்காகக் கைதட்டுகிறோம், அவர்கள் படங்களைச் சுவரில் ஒட்டி வைக்கிறோம். ஆயினும் அவர்கள் தங்கள் வாழ்வில் நிறைவு கண்டிருக்கிறார்களா என்று நாம் கேட்பது அரிது. வென்றவர் மகிழ்வார், தோற்றவர் வருந்துவார், பெரிய இடத்துக்குப் போனவர் மனநிறைவோடு வாழ்வார், ஊரிலேயே தங்கிவிட்டவர் ஏங்கிக்கொண்டிருப்பார் என்று ஒரு கணக்கை நாமே போட்டு வைத்திருக்கிறோம். அக்கணக்கு சரிதானா என்று சற்றே எண்ணிப் பார்ப்போம்.

இதைப் பேச எங்களுக்கு ஓரளவு உரிமை உண்டு. நாங்கள் குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், ஒரு சிற்றூரில், 1980களில் ஒரே அணியில் கால்பந்து ஆடியவர்கள். எங்கள் கரைக்குப் பந்து புதிதன்று. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று வரிசையாக அமைந்த ஊர்களின் ஆடவர் ஆழ்கடலுக்குச் சுறா பிடிக்கச் செல்வர். கரையில் இருக்கும் நாட்களில் மணலில் பந்து உதைப்பர். பங்குத் திருவிழா வந்தால் கூடவே கால்பந்துப் போட்டியும் வரும். அணிக்கு ஏழு பேர் ஆடும் 'செவன்ஸ்' ஆட்டத்தைக் காண ஊரே திரளும். இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் 2019-20ஆம் ஆண்டில் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற ஏ.டி.கே. அணியில் ஆடினார் என்றால், அது ஒரே நாளில் விளைந்த பயிரன்று. பல தலைமுறையாக இம்மணலில் ஊன்றிய வேர். எங்களுள் எவரும் அந்த உயரத்தை எட்டியதில்லை. இன்று அறுபதைத் தொட்டும் கடந்தும் நிற்கும் நாங்கள், திருவிழா நாட்களில் குருசடிக்கு அருகே கூடியமர்ந்து பழங்கதை பேசுவதுண்டு. அப்பேச்சில் விளைந்த எண்ணங்களே இவை. எழுதுபவர் எங்களுள் ஒருவர். எண்ணம் எங்கள் அனைவருடையதும்.

வெள்ளியும் வெண்கலமும்

அமெரிக்க உளவியலாளர் மூவர் 1995இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 1992இல் பார்சலோனா நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டிகளின் ஒளிப்பதிவுகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். வெள்ளிப் பதக்கம் பெற்றோரையும் வெண்கலப் பதக்கம் பெற்றோரையும் மாணவர்களுக்குக் காட்டி, ஒவ்வொருவரும் எவ்வளவு மகிழ்வாகத் தோன்றுகிறார் என்று 1 முதல் 10 வரை மதிப்பெண் இடச் செய்தனர். போட்டி முடிந்த வேளையில் வெண்கலம் பெற்றோரின் சராசரி 7.1 ஆக இருந்தது; வெள்ளி பெற்றோரின் சராசரியோ 4.8 மட்டுமே. பதக்க மேடையில் நின்றபோதும் வெண்கலம் பெற்றோரே கூடுதலாக மகிழ்ந்திருந்தனர்.

உயர்ந்த படியில் நின்றவர் முகம் வாடியிருக்க, தாழ்ந்த படியில் நின்றவர் முகம் மலர்ந்திருந்தது ஏன்? வெள்ளி பெற்றவர் தமக்கு மேலே பார்க்கிறார். தங்கம் கைநழுவியதே அவர் கண்ணில் நிற்கிறது. வெண்கலம் பெற்றவர் தமக்குக் கீழே பார்க்கிறார்; நான்காவதாக வந்திருந்தால் வெறுங்கையோடு திரும்பியிருப்போமே என்று ஆறுதல் கொள்கிறார். கையில் உள்ள பதக்கம் எது என்பதைவிட, எதனோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்பதே மனத்தை ஆட்டிப் படைக்கிறது.

அந்த நான்காமிடத்தின் வலியை நம் நாடு நன்கு அறியும். 1984 ஆகஸ்ட் 8 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில் மகளிர் 400 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிப் போட்டி நடந்தது. கேரளத்துப் பையோளியிலிருந்து சென்ற பி.டி. உஷா 55.42 விநாடியில் ஓடி முடித்தார். ருமேனிய நாட்டுப் பெண்மணி ஒருவர் 55.41 விநாடியில் ஓடி வெண்கலத்தைக் கொண்டுசென்றார். இடைவெளி ஒரு விநாடியின் 100இல் ஒரு பங்கு! மில்கா சிங் ஆசிய விளையாட்டுகளில் 4 தங்கமும், 1958இல் கார்டிஃபில் நடந்த காமன்வெல்த் போட்டியில் 1 தங்கமும் வென்றவர். ஆயினும் அவர் பெயரைக் கேட்டதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது, 1960இல் ரோம் நகரில் அவர் நான்காவதாக வந்த அந்த ஒரே ஓட்டந்தான். ஐந்து தங்கங்களையும் ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, கிட்டாத ஒன்றையே நாம் கையில் வைத்துக்கொண்டோம்.

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, சிறுவயதில் பேருந்து ஏறிக் கால் சிதைந்தவர். பாராலிம்பிக் உயரம் தாண்டும் போட்டியில் 2016இல் ரியோ நகரில் தங்கம் பெற்றார். 2021இல் டோக்கியோவில் வெள்ளி. 2024இல் பாரிசில் வெண்கலம். மேலிருந்து எண்ணுவோர்க்கு ஒவ்வொரு முறையும் ஒரு படி இறக்கம். அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்கிலும் நாட்டுக்குப் பதக்கம் கொணர்ந்தவர் என்று எண்ணுவோர்க்கு அது ஒரு பெருவாழ்வு. செய்தி ஒன்றே, எண்ணும் முறைதான் வேறு.

நாட்டின் ஏணியும் ஊரின் ஏணியும்

மனநிறைவை அளக்க அறிஞர்கள் ஓர் எளிய கருவியைக் கையாளுகின்றனர். ஹாட்லி கேன்ட்ரில் என்பார் 1965இல் வெளியிட்ட நூலில் விளக்கிய முறை அது. ஓர் ஏணியை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். உச்சியில் உங்களுக்குக் கிட்டக்கூடிய மிகச் சிறந்த வாழ்வு. அடியில் மிக இழிந்த வாழ்வு. இன்று நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? இவ்வளவே கேள்வி.

2000ஆம் ஆண்டில் நான்சி ஆட்லர் என்பாரும் அவருடன் உழைத்தோரும் இதே போன்ற ஏணியைக் கொண்டு சமூக மதிப்பை அளந்தனர். பணம், படிப்பு, வேலை ஆகியவற்றில் மிகச் சிறந்தோர் உச்சிப் படியிலும், ஏதுமற்றோர் அடிப்படியிலும் நிற்பதாகக் கொண்டு, 10 படிகளுள் தம் படி எது என்று ஒவ்வொருவரும் குறிக்கவேண்டும். உண்மையான வருமானத்தையும் படிப்பையும்விட, ஒருவர் தம்மை எந்தப் படியில் வைத்துப் பார்க்கிறார் என்பதே அவருடைய உறக்கத்தோடும் இதயத் துடிப்போடும் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்ததை அவர்கள் கண்டனர். இக்கருவிக்கு இன்னொரு வடிவமும் உண்டு. 'நாட்டை விட்டுவிடுங்கள், உங்களுக்குச் சொந்தமென நீங்கள் கருதும் சமூகத்தில் உங்கள் படி எது?' என்று அது வினவும்.

ஆக, ஏணிகள் இரண்டு: நாட்டின் ஏணி ஒன்று, ஊரின் ஏணி மற்றொன்று. விளையாட்டு வீரர் இவ்விரண்டிலும் மற்றவரைவிட விரைவாக ஏறுகிறார்; விரைவாக இறங்கவும் நேர்கிறது. ஓர் ஆசிரியருக்கோ வணிகருக்கோ நாற்பதுக்கு மேல்தான் மதிப்பு முற்றுகிறது. பந்தாடுபவருக்கு இருபதுகளிலேயே உச்சி. முப்பத்தைந்தில் எல்லாம் முடிந்துவிடும். எஞ்சிய நாற்பது ஆண்டுகளை அவர் எந்தப் படியில் நின்று கழிப்பது?

சென்ற திருவிழாவின்போது எங்களுக்குள்ளேயே இந்த இரு கேள்விகளையும் கேட்டுப் பார்த்தோம். எங்கள் அணியின் நடுக்களத்தில் ஆடியவர் விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னையில் நடுவண் அரசு நிறுவனம் ஒன்றில் வேலை பெற்றவர். அவர் வண்டியேறிய நாளில் ஊரே சாலை வரை வந்து வழியனுப்பியது. இன்று அவருக்கு ஓய்வூதியம் வருகிறது, பிள்ளைகள் பொறியாளர்கள். நாட்டின் ஏணியில் தமக்கு 7ஆம் படி என்றார். ஊரின் ஏணி என்றதும் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எனக்கு இருபத்தொன்பது வயதில் முழங்கால் போயிற்று. ஆட்டத்திலிருந்து மேசைக்கு மாற்றினார்கள். அங்கே இருந்தவர்களுக்கு நான் என்ன ஆடினேன் என்று தெரியாது. கோட்டாவில் வந்தவன் என்று மட்டும் தெரியும். முப்பது வருசம் அப்படியே போயிற்று. இங்கே வந்தால் பிள்ளைகளுக்கு என்னைத் தெரியவில்லை. எனக்கு எந்த ஏணி மக்களே?"

எங்கள் கோல்காவலர் ஊரிலேயே தங்கியவர். மாநில அணிக்கான தேர்வுக்குப் போய் இறுதிச் சுற்றில் விடுபட்டுத் திரும்பினார். மறு வாரமே கடலுக்குப் போனார். நாட்டின் ஏணியில் தமக்கு 3ஆம் படி என்றார்; அதையும் சற்றுத் தயங்கியே சொன்னார். ஊரின் ஏணியில் எது என்றதும் சிரித்துவிட்டு, "ஒன்பது போடுங்கள்" என்றார். கரையில் இருக்கும் மாலைகளிலெல்லாம் அவர் சிறுவர்களுக்குப் பந்து பழக்குகிறார். இருபது ஆண்டுகளாக அவர் பெயர் 'கோச்சு மாமா'. அவரிடம் பழகியவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்தால் முதலில் அவர் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் தம் வீட்டில் சாப்பிட உட்காருவார்கள்.

எங்களுள் ஒருவரின் தங்கையும் அன்று உடனிருந்தார். பள்ளிநாட்களில் 800 மீட்டர் ஓட்டத்தில் மாநில அளவில் பதக்கம் பெற்றவர். பத்தொன்பது வயதில் வேறூருக்கு மணமாகிச் சென்றார். அவருடைய பதக்கங்கள் இன்றும் தாய்வீட்டுத் தகரப்பெட்டியில் கிடக்கின்றன. நாங்கள் கேட்டபோது அவர் எந்த எண்ணையும் சொல்லவில்லை. "நான் ஓடினேன் என்பதே என் மாமியார் வீட்டில் யாருக்கும் தெரியாதே, அண்ணா" என்று மட்டும் சொன்னார். ஆண்களாகிய எங்களுக்காவது ஏறி இறங்க ஏணி ஒன்று இருந்தது. அவர் முதற்படியில் கால் வைத்ததும் ஏணியையே எடுத்துவிட்டோம் என்று அப்போது உணர்ந்தோம்.

உச்சிக்கு அப்பால்

உச்சிப்படியை எட்டியவர்கள் இக்கவலையிலிருந்து விடுபட்டவர்களா? 2008 ஆகஸ்டில் பெய்ஜிங் நகரில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் வென்று, ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் பெற்ற முதல் இந்தியரானார் அபினவ் பிந்த்ரா. அதற்குமேல் அத்துறையில் ஏறப் படியில்லை. அதன் பின்னர் தம்மைச் சூழ்ந்த வெறுமையைப் பற்றி அவர் ஒளிவின்றிப் பேசியிருக்கிறார். வாழ்நாள் முழுவதும் ஒரே இலக்கை நோக்கி நடந்தவருக்கு, அதை அடைந்த மறுநாள் காலையில் எழுந்திருக்கவே ஒரு காரணம் தேவைப்படுகிறது.

உளவியலாளர்கள் இதை 'வீரர் அடையாளம்' என்ற சொல்லால் விளக்குவர். 1993 முதல் அதற்கென ஓர் அளவுகோலே உண்டு. 'நான் யார்?' என்ற கேள்விக்கு 'ஆட்டக்காரன்' என்ற ஒரே விடையை வைத்திருப்பவர், களத்தில் உள்ளவரை அதனால் வலிமை பெறுகிறார். களத்தை விட்டு நீங்கும்போது அதனாலேயே நிலைகுலைகிறார். மகன், தந்தை, தொழிலாளி, பாடகர், நண்பர் என்று வேறு விடைகளும் உள்ளவருக்கு இறக்கம் இவ்வளவு செங்குத்தாக இருப்பதில்லை.

எங்கள் தலைமுறைக் கால்பந்து வீரர்கள் வி.பி. சத்யனை மறப்பதில்லை. கேரள போலீஸ் அணியில் ஒளிவீசியவர். இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர். பின்னர் சென்னை இந்தியன் வங்கி அணிக்கு வந்தவர். காயங்கள் அவரை வாட்டின. 2006 ஜூலையில், 41ஆம் வயதில், சென்னையில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு மனிதரின் முடிவுக்கு ஒற்றைக் காரணம் கற்பிப்பது அறமாகாது. ஆயினும் அச்செய்தி வந்த நாளில் எங்களுள் பலர் ஒருவரையொருவர் தேடிச்சென்று நலம் விசாரித்தோம். நாட்டின் தலைவனாகக் களத்தில் நின்றவரும் தனிமையில் தவிக்கக்கூடும் என்பதை அன்று அறிந்தோம்.

மதிப்பு சோறு போடுமா?

இங்கே வாசகர் ஒரு தடை எழுப்பலாம். 'ஊரார் மதிப்பு இனிக்கலாம். அது அடுப்பில் உலை வைக்குமா? கோல்காவலரின் 9ஆம் படியைப் போற்றுவது, அவருடைய வறுமைக்கு மாலை சூட்டுவதாகாதா?' நேர்மையான தடை. அவருக்கு இரு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. ஓய்வூதியம் கிடையாது. மனைவி மீன் விற்றுத்தான் மகளைக் கல்லூரியில் படிக்கவைத்தார். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எங்கள் கரையைச் சூறையாடியபோது, அவரிடம் பந்து பழகிய இளைஞர் சிலரும் கடலிலிருந்து திரும்பவில்லை. எங்கள் சிறுவர்கள் பந்தின்வழி ஒரு வேலை கிட்டாதா என்று ஏங்கினால், அதைப் பேராசை என்று எவரும் சொல்ல வேண்டா. கடலுக்கு அஞ்சும் ஒரு தாயின் மன்றாட்டும் அதில் அடங்கியிருக்கிறது. காய்கறி விற்ற தாயின் மகனான மாரியப்பனுக்குத் தங்கம் வென்றதும் தமிழக அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தபோது, எங்கள் மக்கள் மனமாரக் கைதட்டியதும் இதனால்தான். முதல் ஏணி பொய்யன்று, பசியும் பொய்யன்று.

ஆனால் இரண்டாம் ஏணியும் பொய்யன்று. கேமரன் ஆண்டர்சன் முதலானோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. ஒருவரின் மனநிறைவோடு வருமானமும் பதவியும் கொண்டுள்ள தொடர்பைவிட, அவர் நாள்தோறும் முகம் பார்த்துப் பழகுவோரிடையே பெறும் மதிப்பு கொண்டுள்ள தொடர்பே வலியது என்று அவர்கள் கண்டனர். படிப்பு முடிந்து மாணவர்கள் வேறு குழுவுக்குச் சென்றபோது, புதிய இடத்தில் மதிப்பு கூடியவரின் நிறைவு கூடியது; குறைந்தவரின் நிறைவு குறைந்தது. எங்கள் நடுக்கள ஆட்டக்காரருக்கு நேர்ந்ததும் இதுவே. வேலை அவருக்குச் சோறு போட்டது. அவரை அறிந்த முகங்களிலிருந்து அவ்வேலையே அவரைப் பிரித்தும் வைத்தது.

ஆகவே, பணமா, மதிப்பா என்று கேட்பது தவறான கேள்வி. கோல்காவலருக்கு மருத்துவமும் வேண்டும்; அலுவலகத்து நண்பருக்கு ஊரும் வேண்டும். ஒருவரிடம் உள்ளதைக் காட்டி அவருக்கு இல்லாததை மறைப்பது அன்பாகாது.

நம் கையில் உள்ளது

திருத்தூதர் பவுல் கொரிந்து நகர மக்களுக்கு எழுதியபோது பந்தயத்தில் ஓடுவோரையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். அந்நகருக்கு அருகே ஈராண்டுக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடைபெற்றன. வென்றவர்க்குச் சூட்டப்பட்டது பைன் இலையாலோ உலர்ந்த செலரிக் கீரையாலோ ஆன முடி. அது வாடும் என்பதை அவ்வூரார் அறிந்திருந்தனர். வாடும் முடிக்காக ஓடுவோரை அவர் பழிக்கவில்லை. அவர்களுடைய கட்டுப்பாட்டைச் சுட்டிக்காட்டி, அதை மற்றவர்க்குப் பாடமாக்கினார். முடி வாடலாம்; அதற்காக ஓடக் கற்ற உடலும் உள்ளமும் உடனே வாடிவிடுவதில்லை. அவற்றுக்கு அடுத்த பணி எது என்பதே கேள்வி.

உஷா அதற்கு ஒரு விடை கண்டார். 2002இல் கேரளத்தில் ஒரு தடகளப் பள்ளியை நிறுவி இளம்பெண்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார். தம்மை நழுவிய அந்த நூற்றில் ஒரு பங்கு விநாடியை அவர் பிறருடைய கால்களுக்குக் கொடுத்தார். 2022இல் மாநிலங்களவை உறுப்பினராகவும் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவராகவும் ஆனார். எல்லாருக்கும் அத்தகைய பதவி வாய்க்காது. ஆனால் சிற்றூரிலும் சில காரியங்கள் செய்யக்கூடும்.

எங்கள் ஊரில் திருவிழாக் கோப்பையை நெடுங்காலமாக நன்கொடையாளரோ அரசியல் பிரமுகரோதான் வழங்கி வந்தனர். நான்கு ஆண்டுகளுக்கு முன் இளைஞர்கள் அதை மாற்றினர். ஒவ்வோர் ஆண்டும் பழைய ஆட்டக்காரர் ஒருவரை மேடையேற்றி, அவர் எந்த ஆண்டில் எந்த இடத்தில் ஆடினார் என்பதை ஒலிபெருக்கியில் சொல்லி, அவர் கையால் கோப்பையைக் கொடுக்கச் செய்கின்றனர். இதற்குச் செலவு ஏதுமில்லை. சிறுவர்களுக்கு ஆட்டப் பயிற்சி வேண்டுமானால் பள்ளித் தேர்ச்சி அட்டையைக் காட்டவேண்டும் என்பது கோல்காவலர் வைத்த விதி. "பந்து உன்னை விடும் நாளில் வேறொன்று உன்னைப் பிடித்துக்கொள்ளவேண்டும்" என்று அவர் சொல்வார். சென்னையிலிருந்து திரும்பிய நண்பர், விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்கும் வேலைக்கும் விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்பித் தருகிறார். எந்தச் சான்றிதழ் செல்லும், எது செல்லாது என்பதை அவரைவிட நன்கறிந்தவர் எங்கள் ஊரில் இல்லை. இப்போது பிள்ளைகளுக்கு அவரைத் தெரிந்திருக்கிறது. பெண்பிள்ளைகளுக்குத் தனி ஓட்டப் பயிற்சி இவ்வாண்டுதான் தொடங்கியிருக்கிறது. அது மணநாளோடு முடிந்துவிடாமல் காப்பது இனிமேல் எங்கள் பொறுப்பு.

நாட்டின் ஏணியில் எத்தனை படிகள், எவருக்கு எது என்பதை அரசும் சந்தையும் தேர்வாளரும் வகுக்கின்றனர். அதை நேர்செய்ய நாம் குரல் கொடுக்கலாம். உடனே மாற்ற இயலாது. ஊரின் ஏணியோ நம் கையால் கட்டப்படுவது. ஒருவரைப் பெயர் சொல்லி அழைப்பதும், ஒரு பொறுப்பைத் தந்து நம்புவதும் அதன் படிகள். உங்கள் பங்கிலும் ஒரு காலத்தில் ஓடியவரோ, தாண்டியவரோ, பந்தாடியவரோ ஒருவர் இருப்பார். பூசை முடிந்து வெளியே வரும்போது அவரிடம் இரண்டு சொல் பேசுங்கள். அன்று என்ன ஆடினார் என்று கேளுங்கள். இன்று அவர் முழங்கால் எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள்.